பேத்தி பாஸ்போர்ட் டிசம்பரில் முடிகிறது, ஏப்ரலில் சேலம் வரும்போது புதுப்பித்தால் போதுமா?

அழகாபுரம் தாத்தா
12 நவம்பர் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்தப் பக்கம் பெரும்பாலும் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்று ஒரு சின்னச் சந்தேகம். மகளும் மாப்பிள்ளையும் டெக்சாஸில் இருக்கிறார்கள். அவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, மகளுக்கு அவரைச் சார்ந்தவருக்கான எச்-4. பேத்திக்கு 5 வயது, அவளும் எச்-4. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று 2020இல் நாங்கள்தான் பிடிவாதமாக மகளை அழைத்து வந்தோம், அதனால் அவள் சேலத்தில் பிறந்தாள். பேரன் அங்கேயே பிறந்தவன், அவனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட்.

பேத்தியின் பாஸ்போர்ட் 09-12-2025 அன்று முடிகிறது. விசா ஸ்டாம்ப் 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது, போன மே மாதம் வந்தபோது சென்னையில் எடுத்தது. அடுத்த ஏப்ரலில் வருகிறார்கள். அங்கே புதுப்பிப்பது அலைச்சல் என்று மாப்பிள்ளை சொல்கிறார். இங்கே தபால் நிலையத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்தில் ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும், நானே கூட்டிக்கொண்டு போவேன். விசா 2027 வரை இருக்கும்போது பாஸ்போர்ட் நாலு மாதம் காலாவதியாகக் கிடந்தால் என்ன என்கிறார் அவர். சரிதானே?


கொலுசுப் பட்டறை
12 நவம்பர், இரவு 10.05

ஐயா, காலாவதியான பாஸ்போர்ட்டோடு குழந்தையை விமானத்தில் ஏற்றவே மாட்டார்களே. ஏப்ரலில் சேலம் வர வேண்டும் என்றாலே அங்கேயே புதுசு வாங்கியாக வேண்டும். பேத்திக்குக் கொலுசு அளவு மட்டும் அனுப்புங்கள், வந்ததும் மாட்டிவிடலாம்.


டல்லாஸ் குகைக்காரன்
12 நவம்பர், இரவு 11.20

தாத்தா, பாஸ்போர்ட்டை விடுங்கள், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பேத்தியின் ஐ-94 தேதி என்ன? விசா ஸ்டாம்ப் தேதி இல்லை. அது வாசலுக்குள் விடுவதற்கான சீட்டு மட்டும்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94தான் சொல்லும். மே மாதம் வந்துவிட்டு ஜூனில் திரும்பியபோது விமான நிலையத்தில் கொடுத்திருப்பார்கள், இப்போது தாளில் கிடையாது, அவர்களுடைய சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபியின் தளத்தில் பாஸ்போர்ட் எண் போட்டு எடுக்க வேண்டும். மகளிடம் சொல்லி நாலு பேருக்கும் எடுக்கச் சொல்லுங்கள். மன்னிக்கவும், மூன்று பேருக்கு, பேரனுக்குத் தேவையில்லை.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நுழையும்போது பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் அதிகாரி அந்தப் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஐ-94ஐ நிறுத்திவிடுவார். பெரியவர்களுக்குப் பத்து வருட பாஸ்போர்ட், இந்தத் தொல்லை அபூர்வம். நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான் தருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.


அழகாபுரம் தாத்தா
13 நவம்பர், காலை 7.15

ராத்திரியே மகளைக் கூப்பிட்டேன், அங்கே அப்போது மதியம். எடுத்து அனுப்பினாள். மாப்பிள்ளைக்கு 24-08-2027. மகளுக்கு 24-08-2027. பேத்திக்கு 09-12-2025.

இதற்கு என்ன அர்த்தம் தம்பி? இன்னும் 26 நாள்தான் இருக்கிறது.


டல்லாஸ் குகைக்காரன்
13 நவம்பர், காலை 7.50

பயந்ததுதான் நடந்திருக்கிறது. டிசம்பர் 9க்குப் பிறகு பேத்திக்கு அங்கே இருக்க அனுமதி இல்லை, பாஸ்போர்ட் புதுசு வந்தாலும் ஐ-94 தானாக நீளாது. பலரும் தப்புச் செய்வது இந்த இடத்தில்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

ஆனால் ஒன்று, 26 நாள் இருக்கிறது. முந்திக்கொண்டீர்கள். பலபேர் ஒரு வருடம் கழித்துத்தான் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் ஐ-94 தேதி வரைதான் தருவார்கள், அதனால் தேதி கண்ணில் பட்டுவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு லைசென்ஸும் இல்லை, சம்பளமும் இல்லை, பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்பதும் இல்லை. அப்புறம் யார் பார்ப்பார்கள்?


ஏற்காடு மிளகு
13 நவம்பர், காலை 9.30

ஏன் பெரியவரை இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? 18 வயதுக்குக் கீழே இருந்தால் சட்டவிரோதத் தங்கல் கணக்கில் ஏறாது. அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. 180 நாள் தாண்டினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடத் தடை என்பதெல்லாம் குழந்தைக்குக் கிடையாது. ஏப்ரலில் வந்து போனால் புது ஐ-94 கிடைத்துவிடும். ஐயா, காபி பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டோம், ஒரு நாள் மேலே வாருங்கள், மனசு லேசாகும்.


டல்லாஸ் குகைக்காரன்
13 நவம்பர், காலை 9.55

மிளகு அண்ணா, நீங்கள் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். தடைக் கணக்கு குழந்தைக்கு ஏறாது, உண்மை. ஆனால் ஸ்டேட்டஸ், அதாவது அங்கே சட்டப்படி தங்கும் தகுதி, போவது வேறு, தடைக் கணக்கு வேறு. ஐ-94 தேதி தாண்டி ஒரு நாள் இருந்தாலும் கையில் உள்ள விசா ஸ்டாம்ப் செல்லாததாகிவிடும், அதில் குழந்தை பெரியவர் என்று வித்தியாசம் கிடையாது. 2027 வரை உள்ள ஸ்டாம்ப் போச்சு. ஏப்ரலில் சேலம் வந்தால் திரும்பிப் போகப் புது ஸ்டாம்ப் எடுக்க வேண்டும்.

மே மாதம் நேர்காணல் இல்லாமல் தாள்களைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள் இல்லையா, அந்த வசதியும் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 2 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையும் பொதுவாக நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்காமல் அப்பா அங்கே, அம்மாவும் பிள்ளையும் இங்கே என்று நின்ற குடும்பங்கள் எனக்கே நாலு தெரியும்.


ஏற்காடு மிளகு
13 நவம்பர், காலை 10.20

சரி தம்பி, ஸ்டாம்ப் விஷயம் எனக்குத் தெரியாது. என் அண்ணன் பையனுக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை, அதை வைத்துச் சொன்னேன்.


சூரமங்கலம் ஷார்ஜா
13 நவம்பர், மதியம் 1.10

இங்கே ஷார்ஜாவிலும் கதை இதேதான், பெயர்தான் வேறு. எங்கள் ஊரில் குழந்தையின் விசா அப்பா விசாவில் தொங்கும், ஆனால் தனிக் கணக்கு. பையனை ஏற்காட்டில் அம்மாச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று ஏழு மாதம் விட்டோம். ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் போய்விடும் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. அப்பாவின் விசா உயிரோடு இருக்கிறது, பையனுடையது செத்துவிட்டது. திரும்ப நுழைய அனுமதி கேட்டு, அபராதம் கட்டி, அப்பப்பா. இன்னொன்று, இங்கே பிறக்கும் குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா போட்டாக வேண்டும், அதற்குள் நம் தூதரகத்தில் பாஸ்போர்ட்டும் வாங்க வேண்டும். பெயர் வைக்கும் சடங்கு வரை காத்திருந்து பெயர் முடிவு செய்யாமல் நாளைக் கடத்தாதீர்கள் என்று புதுசாகக் குழந்தை பெற்றவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.


அம்மாப்பேட்டை அக்கா
13 நவம்பர், இரவு 8.45

ஐயா, கவலைப்படாதீர்கள், இதை நான் ஒருமுறை அனுபவித்தவள், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடம் எச்-4இல் இருந்துவிட்டு இப்போது சேலத்தில்தான் இருக்கிறேன்.

எங்கள் பெரியவனுக்கு நடந்தது இதே போலத்தான். ஆனால் நாங்கள் பார்த்தபோது தேதி போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்குக் கம்பெனி நீட்டிப்பு வாங்கியது, தாளின் அடியில் புது ஐ-94 வந்தது, நானும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் செய்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். கம்பெனி போடுவது ஐ-129 பாரம், அது வேலை பார்ப்பவருக்கு மட்டும். மனைவி, பிள்ளைகளுக்கு நீட்டிப்புக் கேட்க ஐ-539 பாரம் தனியாகப் போட வேண்டும். சில கம்பெனிகள் தாமாகவே போட்டுக் கொடுக்கும், சில கம்பெனிகள் கேட்டால்தான் போடும், எங்கள் கம்பெனி கேட்டும் போடவில்லை. வக்கீலைக் கேட்டால் எங்கள் கட்சிக்காரர் கம்பெனிதான், உங்கள் மகன் இல்லை என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

தாமதமாகப் போட்டாலும் ஏற்க ஒரு வழி உண்டு. நம் கையில் இல்லாத அசாதாரணக் காரணம், தாமதம் அந்தக் காரணத்துக்கு ஏற்ற அளவில் இருப்பது, மற்றபடி விதியை மீறாமல் இருந்தது என்றெல்லாம் காட்ட வேண்டும். ஆனால் அது அவர்கள் மனசு வைத்தால்தான். மறந்துவிட்டோம் என்பதை எப்படி அசாதாரணம் என்று எழுதுவது? நாங்கள் எழுதினோம், நிராகரித்தார்கள். கடைசியில் நானும் பையனும் சேலம் வந்து, சென்னையில் ஸ்டாம்ப் எடுத்து, திரும்பிப் போனோம். வந்த நேரம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, வேண்டுதலும் முடித்துக்கொண்டோம், மாமியார் இதற்காகத்தான் அம்மன் வரவழைத்தாள் என்றார். ஆனால் பையனுக்கு அந்த வருடம் பள்ளியில் ஏழு வாரம் போனது.

உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. டிசம்பர் 9க்கு முன்னால் ஐ-539 அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும் பேத்தி அங்கேயே இருக்கலாம். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை, அவர்கள் பெற்ற தேதிதான் கணக்கு. இன்னொன்றும் கவனியுங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும். பேத்திக்கு இரண்டும் ஒரே நாளில் முடிகிறது, அதனால் புதுப் பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பழையதின் நகலை வைத்து முதலில் ஐ-539ஐ அனுப்புங்கள், பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்ததற்கான ரசீதையும் கூட வையுங்கள். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

என்னென்ன வைக்க வேண்டும் என்றால், பேத்தியின் ஐ-94, பாஸ்போர்ட் நகல், மாப்பிள்ளையின் எச்-1பி ஒப்புதல் தாளான ஐ-797, அவருடைய ஐ-94, சம்பளச் சீட்டு, கம்பெனிக் கடிதம் ஒன்று, பிறப்புச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழ்தான் குழந்தை யாருடையது என்பதற்கு ஆதாரம். பேத்தியால் கையெழுத்துப் போட முடியாது, 14 வயதுக்குக் கீழே என்பதால் அம்மாவோ அப்பாவோ போடலாம். எங்கள் பையன் பெருமையாக அவனே கிறுக்கிவிட்டான், ஒரு பாரம் வீணானது.


அழகாபுரம் தாத்தா
13 நவம்பர், இரவு 10.30

அம்மா, இரண்டு தடவை படித்தேன். மகளுக்கும் அனுப்பிவிட்டேன். பிறப்புச் சான்றிதழ் அசல் என் பீரோவில்தான் இருக்கிறது, காலையில் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை முதலில் கோபப்பட்டார், அப்புறம் வக்கீலுக்கு மெயில் போட்டார். உங்களுக்குச் சொன்ன அதே பதில்தான் வந்தது, சொற்கள் மட்டும் மரியாதையாக இருந்தன.

ஒரு சந்தேகம். விமான நிலையத்தில் நடந்த தவறு என்று சொல்லித் திருத்தச் சொல்ல முடியாதா?


டல்லாஸ் குகைக்காரன்
13 நவம்பர், இரவு 11.05

அது தவறே இல்லையே தாத்தா, பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஐ-94 திருத்துவதற்கு என்று தனி இடங்கள் உண்டு, பெயர், பிறந்த தேதி, விசா வகை தப்பாக இருந்தால் அங்கே சரிசெய்வார்கள். பாஸ்போர்ட் தேதியால் குறைத்ததைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி ஒரு நாளும் வீணாக்க வேண்டாம்.


கொண்டலாம்பட்டி பைபாஸ்
14 நவம்பர், காலை 8.00

இவ்வளவு தாள் எதற்கு? புதுப் பாஸ்போர்ட் வாங்கி மெக்சிகோ எல்லையைத் தாண்டி அடுத்த நாள் திரும்பினால் புது ஐ-94. டெக்சாஸ்காரர்களுக்குப் பக்கம்தான். என் நண்பர்கள் அங்கேயே ஸ்டாம்பும் எடுத்திருக்கிறார்கள்.


டல்லாஸ் குகைக்காரன்
14 நவம்பர், காலை 8.40

பைபாஸ், உங்கள் பெயருக்கு ஏற்ற யோசனைதான். ஸ்டாம்ப் கதை பழசு. செப்டம்பரிலிருந்து அவரவர் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள், மெக்சிகோ போய் எடுப்பது முடிந்த கதை. பேத்தியின் ஸ்டாம்ப் உயிரோடு இருப்பதால் எல்லை தாண்டி வருவது சட்டப்படி சாத்தியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ நம்மைத் தனி விசா இல்லாமல் விடும், கனடா என்றால் விசா வேண்டும். ஆனால் புதுப் பாஸ்போர்ட் டிசம்பர் 9க்குள் கைக்கு வர வேண்டும். அப்புறம் தரை வழியில் ஒரு சிக்கல், சின்னப் பயணம் என்று பழைய ஐ-94இலேயே உள்ளே விட்டுவிடுவார்கள், புதுசு வேண்டும் என்று கேட்டு, பணம் கட்டி வாங்க வேண்டும். அந்தக் கட்டணமும் செப்டம்பர் கடைசியில் 6 டாலரிலிருந்து 30 டாலர் ஆகிவிட்டது. கைக்குழந்தையோடு சேர்த்து இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் எல்லையில் நிற்பது என் மனசுக்கு ஒப்பவில்லை. என் மகளாக இருந்தால் ஐ-539தான்.


அம்மாப்பேட்டை அக்கா
14 நவம்பர், காலை 11.15

நானும் அதையே சொல்வேன். இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம், முதல் வழியாக வேண்டாம்.


அழகாபுரம் தாத்தா
15 நவம்பர், காலை 6.30

புதுச் சிக்கல் கிளம்பிவிட்டது. பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது, அப்பா பெயர் தனி வரியில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. விசாவிலும் ஐ-94இலும் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியாது, என்று போட்டு, அவள் பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முதல் வாரம் அவளை ஃபனு என்று கூப்பிட்டாராம், பேத்தி வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். இப்போது பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடலாமா என்று மகள் கேட்கிறாள்.


கொலுசுப் பட்டறை
15 நவம்பர், காலை 7.00

சேர்த்துவிடுங்கள் ஐயா, ஒரே வேலையாக முடியும். என் தங்கை பையன் பரீட்சைக்குப் பதிவு செய்வதற்குள் இந்தக் காலிக் கட்டத்தால் பட்ட பாடு கொஞ்சமில்லை.


அம்மாப்பேட்டை அக்கா
15 நவம்பர், காலை 9.20

சேர்க்கலாம், ஆனால் இப்போது வேண்டவே வேண்டாம். இன்றைக்கு அவளுடைய ஐ-94, விசா எல்லாம் எஃப்என்யு பெயரில் இருக்கிறது. ஐ-539ஐ அந்தப் பெயரிலேயே, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்ப வேண்டும். நடுவில் பாஸ்போர்ட் வேறு பெயரில் வந்தால் இவள் யார், அவள் யார் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பெயர் மாற்றம் என்றால் பாஸ்போர்ட்டுக்கும் கூடுதல் நாள் ஆகும். நீட்டிப்பு வரட்டும், பிறகு ஊருக்கு வரும்போது நிதானமாகப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், அடுத்த ஸ்டாம்பில் ஒழுங்காக வந்துவிடும். குழந்தையின் டீச்சரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அதற்குப் பாரம் எதுவும் தேவையில்லை.


கொண்டலாம்பட்டி பைபாஸ்
15 நவம்பர், காலை 10.00

கட்டணம் 370 டாலர், கைரேகைக்கு 85. செக் எழுதி உள்ளே வைத்தால் போதும். இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?


டல்லாஸ் குகைக்காரன்
15 நவம்பர், இரவு 7.30

மன்னிக்கணும், இதையும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது பழைய கணக்கு. 2023 அக்டோபரிலேயே ஐ-539க்கு அந்த 85ஐ எடுத்துவிட்டார்கள், 2024 ஏப்ரல் 1 முதல் தாளில் அனுப்பினால் 470. செக்கும் போச்சு. போன மாதம் 28ஆம் தேதிக்குப் பிறகு தாள் விண்ணப்பத்துக்குச் செக், மணி ஆர்டர் எடுப்பதில்லை. கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்க ஜி-1650, இரண்டில் ஒன்றை நிரப்பி மேலே வைக்க வேண்டும். செக் வைத்து அனுப்பினால் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும், வருவதற்குள் டிசம்பர் 9 போய்விடும். பழைய அனுபவத்தை வைத்துச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், நான் உட்பட.

பாரத்தையும் பழைய நகலில் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும், தளத்தில் இன்று இருப்பதை இறக்கி, எல்லாப் பக்கமும் ஒரே பதிப்பா என்று பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். பிரீமியம் கட்டிச் சீக்கிரம் வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்பார், எச்-4 நீட்டிப்புக்கு அது கிடையாது.


செவ்வாய்ப்பேட்டை சிங்கை
16 நவம்பர், காலை 7.45

படிக்கப் படிக்க மூச்சு முட்டுகிறது. இங்கே சிங்கப்பூரில் குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் பாஸ் முழுக்க ஆன்லைன், பிள்ளைக்கு 21 வயது வரை. ஆனால் அப்பாவின் பாஸ் முடியும் நாளில் பிள்ளையுடையதும் முடியும், வேலை போனால் ஒரே மாதத்தில் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு வாசப்படி. தட்டுவடை செட் சாப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது, யாராவது படம் போடுங்கள்.


ஓமலூர் அம்மா
16 நவம்பர், மதியம் 12.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 20 வயது, எச்-4, அடுத்த ஆகஸ்டில் 21 ஆகிறது. அவள் ஐ-94இல் 2027 என்று இருக்கிறது. 2027 வரை இருக்கலாம்தானே?


அம்மாப்பேட்டை அக்கா
16 நவம்பர், மதியம் 2.30

இருக்க முடியாது அம்மா. 21ஆவது பிறந்த நாளோடு எச்-4 முடிந்துவிடும், ஐ-94இல் என்ன தேதி இருந்தாலும். படிக்கிறாள் என்றால் மாணவர்களுக்கான எஃப்-1க்கு மாற வேண்டும், கல்லூரியில் அதற்கான ஐ-20 தாளைக் கேட்டு வாங்கி இப்போதே ஆரம்பியுங்கள், பிறந்த நாளைக்குப் பிறகு இல்லை. தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம், இங்கே தாத்தாவின் நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.


அழகாபுரம் தாத்தா
20 நவம்பர், காலை 5.50

அனுப்பிவிட்டார்கள். நேற்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து, மகள் வாசிக்க மாப்பிள்ளை சரிபார்க்க, நான் வீடியோவில் பிறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஃப்என்யு என்றே எழுதினார்கள். ஜி-1450 மேலே. கூரியரில் கையெழுத்து வாங்கித் தரும் வகை. பாஸ்போர்ட்டுக்கு, நம் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் வழியாகத் தத்காலில் கொடுத்தாகிவிட்டது, அந்த ரசீது நகலும் உள்ளே போயிருக்கிறது. மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தன் தாளை அவ்வளவு பத்திரமாகப் பார்ப்பவர், பிள்ளையின் தாளைப் பிரித்தே பார்க்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கேயே பெற்றுக்கொள் என்று 2020இல் நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த இழையே இல்லை என்று எனக்கும் தோன்றாமல் இல்லை.


ஏற்காடு மிளகு
20 நவம்பர், காலை 7.10

அப்படி நினைக்காதீர்கள் ஐயா. அந்த நேரத்தில் பெண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டதுதான் சரி. தாள் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும்.


அழகாபுரம் தாத்தா
1 டிசம்பர், இரவு 9.15

ரசீது வந்துவிட்டது, ஐ-797சி. பெற்ற தேதி நவம்பர் 24. ரசீது எண்ணை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தினமும் தளத்தில் பார்க்கிறேன், ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது, 2030 வரை. மகள் கேட்கிறாள், ஏப்ரலுக்கு டிக்கெட் போடலாமா?


டல்லாஸ் குகைக்காரன்
1 டிசம்பர், இரவு 10.40

நல்ல செய்தி. டிக்கெட் மட்டும் அவசரப்பட வேண்டாம். முடிவு வருவதற்கு முன் பேத்தி கிளம்பினால் அந்த நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு அர்த்தமில்லாமல் போகும். திரும்பி வரும்போது பழைய பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்பையும் புதுப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டிப் புது ஐ-94 வாங்கலாம், ஆனால் நிலுவையில் இருக்கும்போது பயணம் என்றால் சொந்தமாக ஒரு வக்கீலுக்கு அரை மணி நேரக் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள், கம்பெனி வக்கீலை அல்ல. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிந்துவிடப் போகிறார்கள், அதில்தான் ஸ்டாம்ப் இருக்கிறது.


கொலுசுப் பட்டறை
16 டிசம்பர், காலை 8.20

தாத்தா, நேற்றிலிருந்து எச்-1பி, எச்-4 எல்லோருக்கும் சமூக ஊடகக் கணக்கையும் பார்க்கிறார்களாம். அதனால் நம் ஊரில் பலருடைய நேர்காணல் தேதியை மாதக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். உங்கள் பேத்தி ஸ்டாம்ப் போகாமல் பிழைத்தாள். என் கடைக்கு வரும் ஒருவர் குடும்பம் இங்கேயே மாட்டிக்கொண்டது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.


அழகாபுரம் தாத்தா
11 மார்ச் 2026, காலை 6.05

வந்துவிட்டது! ஒப்புதல் தாள், ஐ-797ஏ, அடியில் பேத்திக்குப் புது ஐ-94. ஆனால் தேதி 14-08-2027 என்று இருக்கிறது. அம்மா, அப்பா இருவருக்கும் 24. பத்து நாள் குறைகிறதே, இதையும் உடனே திருத்த வேண்டுமா? மகள் தூங்குகிறாள், நான் இங்கே தூங்கவில்லை.


அம்மாப்பேட்டை அக்கா
11 மார்ச், காலை 7.30

வேண்டாம் ஐயா, நிம்மதியாகக் காபி குடியுங்கள். மாப்பிள்ளையின் எச்-1பி மனு 14ஆம் தேதி வரைதான். விமான நிலையத்தில் கிளம்புவதற்கு என்று பத்து நாள் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பத்து நாளில் அவருமே வேலை பார்க்க முடியாது. பேத்திக்கு மனுவின் தேதியையே போட்டிருக்கிறார்கள். எப்படியும் ஊருக்கு வந்து திரும்பும்போது மறுபடி புது ஐ-94 வரும், அப்போது விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே போனில் எடுத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். 2027இல் அவருக்கு நீட்டிப்புப் போடும்போது மகளுக்கும் பேத்திக்கும் ஐ-539 வேண்டும். ஒரே விண்ணப்பமாகப் போடலாம், மகளுக்கு ஐ-539, அதோடு பேத்திக்கு ஐ-539ஏ.


அழகாபுரம் தாத்தா
11 மார்ச், காலை 7.45

எழுதி வைத்துக்கொண்டேன் அம்மா. ஏப்ரலை மே மாதத்துக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன், மல்கோவா அப்போதுதான் வரும். பட்டறைத் தம்பி, கொலுசு அளவு ஐந்தே முக்கால் அங்குலம், சத்தம் வரும் முத்து வேண்டுமாம்.


ஜாகிர் அம்மாபாளையம் 94
3 ஏப்ரல் 2026, அதிகாலை 4.10

இந்த இழையைப் படித்துவிட்டு என் பையன் ஐ-94 எடுத்துப் பார்த்தேன். எனக்கு 2028. அவனுக்கு 17-04-2026. யாராவது விழித்திருக்கிறீர்களா?


அழகாபுரம் தாத்தா
3 ஏப்ரல், அதிகாலை 4.25

விழித்திருக்கிறேன் தம்பி. பதினாலு நாள் இருக்கிறது. பையன் பாஸ்போர்ட் எந்தத் தேதி வரை, புதுப்பிக்கக் கொடுத்தாயிற்றா, பிறப்புச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது, மூன்றையும் எழுதுங்கள். செக் வைக்காதீர்கள்.